மாட்டி வைத்த ஒரு சொல்

அத்தியாயம் 9

வெளியே கதவைச் சாத்தியபோது நான் தும்மிக்கொண்டிருந்தேன். அதனால் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மாமிக்குக் கேட்டது. மாமிக்கு எதுதான் கேட்காது?

"இஸ்மாயிலே, பூட்டியாச்சு," என்றார், சாயா ஆறிப்போச்சு என்று சொல்வதைப் போல.

ஓடிப்போய்த் தள்ளினேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குக் கதவு என்றால் சும்மாவா? அசல் தேக்கு. வெளிப்பக்கம் மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ், நடுவில் குறுக்குக் கட்டை, அதில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. கதவு அசையவில்லை. என் தோள்தான் கழன்றுவிடும் போலிருந்தது.

"படைச்சவனே! மாமி, நம்மள எவனோ மாட்டி விட்டுட்டான்!"

"மாட்டி விட்டுட்டான்," என்று மெல்லத் திருப்பிச் சொன்னார் மாமி. "நல்ல வார்த்தையாக்கும்." சுக்கு மூட்டை ஒன்றைக் குடையால் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் மறுபடி தும்மினேன்.

திரிபுரசுந்தரி மாமியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எர்ணாகுளம் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே பல வருடம் உட்கார்ந்திருந்தவர். அந்த வேலையை விட்டபின் துப்பறிய வந்தார். நான் முகமது இஸ்மாயில், கலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். மாமிக்குக் காது, எனக்கு வாய். எங்கள் ஏஜென்சியின் மொத்த முதலீடும் அவ்வளவுதான்.

"அம்மா, போலீஸா?" இருட்டிலிருந்து ஒரு குரல் நடுங்கியது.

நாங்கள் தேடி வந்த ஆள் அதுதான். முப்பிடாதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பவழம் ஏர் டாக்ஸி கம்பெனிக்கு மெக்கானிக்காக வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் மழையில் அந்தக் கம்பெனியின் சின்ன விமானம் தீவு விமான நிலையத்திலிருந்து கிளம்பி, ஏறும்போதே என்ஜின் நின்று, வல்லார்பாடத்துப் பக்கம் காயலில், அதாவது உப்பங்கழியில், விழுந்தது. பயணிகள் இரண்டு பேர் எலும்பு முறிந்து பிழைத்தார்கள். பைலட் கேப்டன் குருவிளா பிழைக்கவில்லை.

பெட்ரோலை வடிகட்டும் ஃபில்டர் அடைத்திருந்தது. அதை மாற்றியாயிற்று என்று கேப்டனிடம் சொன்னவன் முப்பிடாதி. காயலிலிருந்து எடுத்த என்ஜினுக்குள் இருந்தது பழைய ஃபில்டர். போதாக்குறைக்கு, கேப்டனுக்கும் முப்பிடாதிக்கும் முந்தின வாரம் ஏதோ வாய்ச்சண்டை. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? வேண்டுமென்றே செய்த நாசவேலை, கொலை என்று பேச்சு கிளம்பியது. வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்த பையன் பயந்து, ஊர்க்காரச் சுமையாட்கள் வேலை செய்யும் இந்தக் கிடங்குக்குள் வந்து ஒளிந்துகொண்டான்.

இன்று எர்ணாகுளத்தில் விசாரணையின் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் அவன் தானாக நடந்து போய் நின்றால் சாட்சி. போகாவிட்டால் ஓடிப்போன கொலைகாரன். அவனைக் கூட்டிப்போகத்தான் நாங்கள் வந்தோம். இப்போது நாங்களும் உள்ளே.

"என்னைய இங்கன வச்சுப் பிடிச்சா எல்லாம் முடிஞ்சுதும்மா," என்றான் முப்பிடாதி. "ஒளிஞ்சிருந்தவன்னுதான எழுதுவாக? எங்க ஆத்தா செத்துரும்."

"அடடா, நீ ஒருத்தன்தானா இங்க?" என்று மாமி கேட்டார். "அந்த மூலையில தும்மலை அடக்கிண்டு நிக்கறது யாரு?"

மிளகு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தார். நரைத்த மீசை, கையில் ஸ்பானர். முப்பிடாதி பாய்ந்தான். நான் நடுவில் விழுந்தேன். கண்டக்டர் வேலையில் கற்றுக்கொண்ட ஒரே வீரம், இரண்டு பேர் சண்டையில் டிக்கெட் கேட்பது. இங்கே அதுகூட முடியவில்லை. ஆளுக்கொரு கையாக என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ராசப்பன்! பொய் சொல்லி என்னைய மாட்டி விட்டது இந்த ஆளுதாம்மா!"

"ஞானோ பொய்? நீயாணு பொய்!" என்று கத்தினார் ராசப்பன். அதே கம்பெனியின் மூத்த மெக்கானிக், முந்தின ஷிஃப்ட். "ஞான் பறஞ்சது கேட்டிட்டு இவன் கேப்டனோட கள்ளம் பறஞ்சு! என்டெ குருவிளா சார் போயி!" அழுதே விட்டார் மனுஷன்.

"நீங்க எப்படி இங்க வந்தேள்?" என்றார் மாமி.

யாரோ ஒரு பெண் போன் செய்து, முப்பிடாதி இங்கே இருக்கிறான் என்றாளாம். மேனேஜர் நீலகண்டனிடம் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"மேனேஜர்ட்ட எடம் சொன்னேளா?"

"சொன்னு. எந்தா?"

மாமி முகம் ஒரு கணம் சுண்டிப்போனது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"சரி. ரெண்டு பேரும் அவன் சட்டையை விடுங்கோ, பாவம், அவன்ட்ட நல்லதா ஒண்ணுதான் இருக்கு," என்றார். "ராசப்பன், அன்னிக்கு நீங்க சொன்ன வார்த்தை என்ன? அர்த்தம் வேண்டாம், வார்த்தை மட்டும் போரும்."

ராசப்பன் மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஷிஃப்ட் கழிஞ்சு. நல்ல மழ. ஞான் வேனில் கேறி, இவன் இறங்ஙி. ஜன்னல்ல கூடி ஞான் பறஞ்சு, ஃபில்டர் மாற்றி வெச்சு எந்நு."

"முப்பிடாதி, நீ சொல்லு. அவர் என்ன சொன்னார்?"

"அதேதாம்மா! ஃபில்டர் மாத்தி வச்சுன்னாரு! அதத்தான நானும் தலையில அடிச்சுச் சொல்லுதேன்!"

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். "ஒரே வாக்கியம். அவரும் அதையே சொல்றாரு, இவனும் அதையே சொல்றான். பின்னே எதுக்கு என் சட்டை கிழிஞ்சுது?"

அப்போது வெளியே கிடங்கு வாட்ச்மேன் அவுசேப்புச் சேட்டனின் குரல் கேட்டது. கதவிடுக்கில் வாயை வைத்து உரக்கக் கத்தினார்: "தாக்கோல் மாற்றி வெச்சு!"

"போச்சு!" என்று முப்பிடாதி தலையில் கை வைத்தான். "சாவியவே மாத்திப்புட்டானுவளே! வேற பூட்டு போட்டுட்டானுவ!"

ராசப்பன் அவனை விசித்திரமாகப் பார்த்தார். "வேற பூட்டோ? ஆரு பறஞ்சு? தாக்கோல் எடுத்து வேற எடத்துல வெச்சு, அத்றயல்லே உள்ளூ?"

மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ட்ரங்க் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"கேட்டியா இஸ்மாயிலே? மலையாளத்துல மாற்றி வெச்சுன்னா ஒதுக்கி வெச்சாச்சு, இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போட்டாச்சுன்னு அர்த்தம். தமிழ்க்காதுக்கு மாத்தி வெச்சாச்சுன்னா பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டாச்சு. மழைச் சத்தத்துல மாட்டி வெச்சுன்னு கேட்டாலும் போச்சு, அப்பவும் வேலை முடிஞ்சாச்சுன்னுதான் அர்த்தம்! எக்ஸ்சேஞ்சில ஒரு நாள் இங்கேந்து ஒருத்தர் மதுரைக்கு ட்ரங்க் போட்டு, கல்யாணம் மாற்றி வெச்சுன்னார். அந்தப் பக்கத்துக்காரர், மாப்பிள்ளையை மாத்திட்டேளா, யாரைக் கேட்டு மாத்தினேள்னு சம்பந்தி சண்டையே போட்டார். மாப்பிள்ளை அதேதான். தேதிதான் தள்ளிப் போச்சு."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ராசப்பன் மெதுவாக மூட்டைமேல் உட்கார்ந்தார். புது ஃபில்டர் மதராஸிலிருந்து வந்து சேரவில்லையாம். வரும்வரை விமானம் பறக்கக் கூடாது என்றுதான் அந்த மழையில் கத்தியிருக்கிறார். முப்பிடாதியோ சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

"கேப்டன் கேட்டாரும்மா. ஃபில்டர் என்னாச்சு முப்பிடாதின்னாரு. மாத்தியாச்சு சார்னேன். தோளத் தட்டிட்டு ஏறிப் போனாரு." அவன் விம்மினான். "ஒரே ஒரு வார்த்தைலயா அம்மா ஒரு உசுரு போகும்?"

"போகாது," என்றார் மாமி கண்டிப்பாக. "இந்தக் கதவைப் பாரு. மேல ஒரு தாழ், கீழ ஒரு தாழ், கட்டை, பூட்டு. ஒண்ணு தொறந்து கெடந்தா கள்ளன் வருவானோ? எல்லாம் ஒரே நாள்ல தொறந்து கெடந்தாதான் வருவான். வார்த்தை ஒரு தாழ். ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்ட்ட விமானத்துப் பக்கத்துல நின்னு காட்டிக் கொடுக்கணும், அது ஒரு தாழ். பிரிச்சுப் போட்ட வேலைன்னா அங்க ஒரு சிவப்புத் துணி தொங்கணும், அது ஒரு தாழ். நீ மூடியைத் தொறந்து பாத்திருக்கணும். என்ஜின் நின்னதும் நேரே காயல்ல இறக்காம, குருவிளா திரும்பி ஓடுபாதைக்கே வரப் பாத்தார், அதுவும் ஒண்ணு. எல்லாத்தையும் தொறந்து வெச்சது யாரு?"

"தொறந்து பாக்கத்தான் போனேன்," என்றான் முப்பிடாதி. "நேரமாச்சுன்னு வெரட்டினாக."

"அது யாருன்னு அப்புறம். முதல்ல இந்தக் கதவு." மாமி எழுந்து குடைக்காம்பால் கதவைத் தட்டினார். "அவுசேப்பே, போரும், கதவு துறந்நோளூ!"

எனக்குச் சுருக்கென்றது. "மாமி! பூட்டச் சொன்னதே நீங்கதானா? போன் பண்ணின பொண்ணும் நீங்கதானா?"

"பின்னே? வெளியில வெச்சு இவா ரெண்டு பேரையும் பேச வெச்சா ஒருத்தன் ஓடிப் போயிருப்பான், ஒருத்தன் ஸ்பானரை வீசியிருப்பான். தாக்கோல் மாற்றி வெச்சுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். ரெண்டு மொகத்தையும் பாக்கணும்னு இருந்தது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"உன் மொகம் இஸ்மாயிலே, ஒரு போஸ்டர். எல்லாத்தையும் வெளியில ஒட்டிடுவே."

மனம் கொதித்தது. ஆனால் இன்னும் கதவு திறக்கவில்லை. மாமி மறுபடி தட்டினார். வெளியே அவுசேப்பு அழாத குறையாகக் கத்தினார்: "என்டெ மாமீ, இப்போள் தாக்கோல் என்டெ கையில இல்ல! நீலகண்டன் சார் வந்நு வாங்ஙிப் போயி! போலீஸ் வரும் வரெ துறக்கண்டா எந்நு பறஞ்சு!"

மாமி பொய்க்குப் போட்ட பூட்டு மெய்யாகிவிட்டது. போலீஸ் வந்தால் முப்பிடாதி கிடங்கிலிருந்து இழுத்துச் செல்லப்படுவான். நாங்களும் அடைக்கலம் கொடுத்தவர்கள் ஆவோம்.

"தப்பு என்னுது," என்றார் மாமி. "ராசப்பன் மேனேஜர்ட்ட சொல்லுவார்னு நினைக்கலை. ஆனா அவன் வந்தது ஒரு விதத்துல நன்னாச்சு. ராசப்பன், அன்னிக்கு வேன்ல முன்சீட்ல யாரு?"

"நீலகண்டன் சார்."

"முப்பிடாதி, உன்னைத் தொறந்து பாக்க விடாம வெரட்டினது?"

"நீலகண்டன் சார்தான். பெரிய முதலாளி ஏறணும், காத்திருக்காருன்னாக."

"ஷிஃப்ட் மாறறச்சே ஒருத்தர்க்கொருத்தர் நின்னு காட்டிக் கொடுக்கறதை நிறுத்தி, ஒரே வேன்ல ஏத்தி இறக்கினது?"

இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அதே பெயர்.

"மதராஸிலேந்து வந்திருக்கற ஜட்ஜுக்கு மலையாளம் தெரியாது. இங்கத்த இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வராது. உங்க ரெண்டு பேர் வாக்குமூலத்தையும் கேட்டு இங்கிலீஷ்ல சொன்னது?"

ராசப்பன் வாயைப் பிளந்தார். நீலகண்டன், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். இரண்டு காதும் இரண்டு பாஷை.

"ஒரே வாக்கியம் ரெண்டு வாய்லேந்து வந்தது. அதை ஒருத்தருக்கு மாத்தலைன்னும் இன்னொருத்தருக்கு மாத்தியாச்சுன்னும் இங்கிலீஷாக்கினான். ரெண்டும் நெஜமாக்கும்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். அன்னிக்கு வேன்ல சரியாக் கேட்டானோ கேக்கலையோ, அது அவனுக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். ஆனா வாக்குமூலம் எடுக்கறச்சே தெரிஞ்சுண்டான். தெரிஞ்சுண்டு வாயை மூடிண்டான். இல்லேன்னா இப்ப எதுக்குச் சாவியை எடுத்துண்டு போறான்?"

"தெரிஞ்சு என்ன மாமி புண்ணியம்?" என்றேன். "நாம சுக்கு மூட்டையோட மூட்டையா இருக்கோம்."

முப்பிடாதி தலையைத் தூக்கினான். "அந்தப் பக்கம் காயல்தானம்மா?"

பழைய கிடங்கல்லவா, பின்பக்கம் படகிலிருந்து நேரே மூட்டை ஏற்ற ஒரு கதவு உண்டு. படகுப் போக்குவரத்து குறைந்தபின் பூட்டித் துருப்பிடித்துக் கிடந்தது. பூட்டை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கீல்கள் உள்பக்கம் இருந்தன. ராசப்பன் ஸ்பானரோடு மேல்கீலுக்கு ஏறினார். முப்பிடாதி குனிந்து கீழ்க்கீலைப் பிடித்தான். சற்று முன் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்க இருந்த ஆட்கள்.

"மேலத்த ஆணி ஊரி," என்றார் ராசப்பன்.

முப்பிடாதியின் கை நின்றது. "ஊரின்னா? கழட்டியாச்சா, கழட்டணுமா சேட்டா?"

ராசப்பன் கீழே இறங்கி, துருப்பிடித்த ஆணியை அவன் உள்ளங்கையில் வைத்தார். "கழட்டியாச்சு. பார்."

முப்பிடாதி அதை இறுக மூடிக்கொண்டான். அவன் கண்கள் நிறைந்ததை நான் பார்த்தேன். மாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எக்ஸ்சேஞ்சில் எந்த நம்பரையும் திருப்பிச் சொல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாதாம். தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

கதவு சாய்ந்தது. மழை முகத்தில் அடித்தது. மிளகு ஏற்றிப் போன வள்ளம் ஒன்றைப் பார்த்து, "ஆளிறங்கணும்! ஏய், ஆளிறங்கணும்!" என்று என் பழைய குரலில் ஒரு போடு போட்டேன். வள்ளக்காரன் துடுப்பையே விட்டுவிட்டான்.

அந்த வள்ளத்திலேயே எர்ணாகுளம் போய், விசாரணை அறையில் நாங்கள் நனைந்த கோழிகளாக நுழைந்தபோது, நீலகண்டன் எழுந்து பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல். சாட்சி தலைமறைவு, போலீஸ் பிடிக்கப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் முப்பிடாதியைப் பார்த்ததும் வார்த்தையை விழுங்கினார்.

"நான் ஓடலய்யா," என்றான் முப்பிடாதி. "வந்துட்டேன்."

ஜட்ஜ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தமிழில் கேட்டார். "ராசப்பன் உன்னிடம் என்ன சொன்னார்?"

"ஃபில்டர் மாற்றி வெச்சுன்னு சொன்னாருங்கய்யா."

"புதியது போட்டாயிற்று. அதுதானே?"

"அல்ல சார்," என்று ஜட்ஜின் பக்கத்தில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த மலையாளிப் பெண் தன்னையறியாமல் தலையைத் தூக்கினாள். "வேற நாளைக்கு வெச்சு எந்நல்லே அதினர்த்தம்?"

அறையில் சலசலப்பு எழுந்தது. பாதிப் பேர் ஜட்ஜ் பக்கம், பாதிப் பேர் அந்தப் பெண் பக்கம். ஜட்ஜ் இருவரையும் பார்த்தார். பிறகு, மெல்ல, நீலகண்டனைப் பார்த்தார்.

"மொழிபெயர்த்தவர் நீங்கள். உங்களுக்கு எப்படிக் கேட்டது?"

போட்டாயிற்று என்று சொன்னால், ராசப்பன் வாக்குமூலத்தை ஏன் வேறாக ஆக்கினாய்? தள்ளிவைத்தது என்று சொன்னால், வேனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே விமானத்தை ஏன் பறக்க விட்டாய்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நீலகண்டன் வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார். கூடவே இரும்புச் சாவி ஒன்று தரையில் விழுந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

மாமி குனிந்து எடுத்தார். "கிடங்குத் தாக்கோல். மாற்றி வெச்சிருந்தேள் போலிருக்கு?" என்றார். அது எந்தப் பாஷையில் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நெடுநேரம் கேள்விகள். எல்லாம் நீலகண்டனிடம். கடைசியில் ஜட்ஜ் ஏதோ சொல்ல, இன்ஸ்பெக்டர் முப்பிடாதியிடம் வந்தார். "நினக்கு போகாம்," என்றார்.

முப்பிடாதி வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் காதில் விழுந்தது வேறு. போகாமல் இரு என்று. எனக்குப் புரிந்து, வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து நின்றான். கையில் அந்தத் துருப்பிடித்த ஆணி இன்னும் இருந்தது.

"ஐயா, கோவிச்சுக்கிடாதிய," என்றான். "போகாம இருக்கணுமா? போகலாமா?"

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார், ராசப்பனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

"போ-க-லாம். வீட்டுக்கு."

"வீட்டுக்குப் போகலாம்," என்று முப்பிடாதி திருப்பிச் சொன்னான்.